செம்பில் அழித்து எழுதிய வானம்

பாரிஸில் கொன்கோர்ட் சதுக்கத்தை ஒட்டிப் பழைய கடற்படை அமைச்சகக் கட்டடம் இருக்கிறது. வரிசையாகத் தூண்கள், கம்பீரம்தான், ஆனால் கொஞ்சம் அலுப்பூட்டும். பிரெஞ்சு அச்சோவியர் ஷார்ல் மெரியோன் 1865 வாக்கில் அதை அச்சுப்படமாக்கினார். கட்டடத்தைப் பிசகாமல் வரைந்தவர், மேலே வானத்திலிருந்து குதிரைகளையும் மீன்களையும் அதை நோக்கிப் பாயவிட்டார். இப்படிக் கனவுபோன்ற காட்சிகளைக் கலையாக்கிய சர்ரியலிசம் ஓர் இயக்கமாகக் கிளம்பியது 1924இல். இவர் 1868லேயே இறந்துவிட்டார்.

மெரியோன் முதலில் கடற்படை அதிகாரி, நியூசிலாந்து வரை போய்வந்தவர். அப்புறம் ஓவியராக விரும்பினார்; ஆனால் அவருக்கு நிறக்குருடு. பெரும்பாலான நிறக்குருட்டில் விழித்திரையின் கூம்பு செல்களில் ஒரு வகை இல்லாமலோ மாறுபட்டோ இருக்கும். அதனால் சில நிறங்கள் குழம்பும். வெளிச்சமும் நிழலும் பெரும்பாலும் குழம்பாது. கறுப்பு மையில் அச்சிடும் எட்சிங் என்ற அச்சுமுறைக்கு அது போதும்; அதையே அவர் கையில் எடுத்தார்.

எட்சிங்கில் கோடுகளை வெட்டுவது கை அல்ல, அமிலம். செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைத் தடவுவார்கள். ஊசியால் வரைந்தால் பூச்சு மட்டும் விலகிச் செம்பு தெரியும். தகட்டை நைட்ரிக் அமிலத்தில் இட்டதும், தெரிகிற செம்பு செப்பு நைட்ரேட்டாகக் கரைகிறது. நைட்ரஜன் ஆக்சைடு வாயு குமிழ்களாகக் கிளம்புகிறது. கோட்டின் மேல் குமிழ் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் அமிலம் படாது, கோடு ஒழுங்காக அரிக்காது. அதனால் பறவை இறகால் குமிழ்களைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

நேரம்தான் இங்கே தூரிகை. தூரத்து மேகத்துக்குச் சிறிது நேரம் போதும். உடனே வெளியே எடுத்து, அந்தக் கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு, மீதியை மறுபடி அமிலத்தில் இடுவார்கள். அதிக நேரம் ஊறிய கோடு ஆழமாகும், அதிக மை பிடிக்கும், கறுத்து விழும். கடைசியில் மையைத் தடவி, மேல்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், பள்ளங்களில் தங்கிய மையைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

சரி, அரித்ததை அழிக்க முடியுமா? முடியும். செம்பு மென்மையான உலோகம். கோட்டின் ஆழம் வரை சுரண்டி, வழுவழுப்பான எஃகுக் கருவியால் தேய்க்க வேண்டும். அந்த இடம் குழியாகிவிட்டால் தகட்டின் முதுகில் சுத்தியால் தட்டி மேலே கொண்டுவர வேண்டும். பிறகு புதுப்பூச்சு, புதுக்கோடு, மறுபடி அமிலம்.

மெரியோன் இந்த வசதியை விடவே இல்லை. சேன் ஆற்றின் போன்-ஓ-ஷான்ஜ் பாலத்தை 1854இல் அச்சிட்டபோது வானத்தில் ஒரு பலூன் பறந்தது. பிறகு அதைச் சுரண்டிவிட்டுப் பெரிய பறவைக்கூட்டத்தை விட்டார். இன்னும் பிந்திய அச்சில் பறவைகளின் இடத்தில் சின்னச்சின்ன பலூன்கள். அவருடைய மனநோயோடு இதை முடிச்சுப்போடுபவர்கள் உண்டு. மனநல விடுதியில்தான் அவர் இறந்தார். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேவைப்பட்ட நிதானத்தைப் பார்த்தால், நோய் மட்டுமே செய்த வேலையாக எனக்குத் தோன்றவில்லை. பறவை பறந்த தாளும் பலூன் பறந்த தாளும் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்தவை.