ஆச்சிக்கு உயிரோடு கண்ணீர் அஞ்சலி அடிக்காதீர்கள்

போன கிழமை ஒரு பிள்ளை கைபேசியோடு என் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். திரையில், யாரோ முகநூலில் போட்ட படத்தில், அவளுடைய அம்மம்மா, கறுப்பு வெள்ளையில். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கீரைப்பிடிகளுக்குப் பின்னால் குந்தியிருக்கிறா. தோல் கரியாய்க் கிடக்கிறது, நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் கத்தியால் கீறியதுபோல. கீழே ஒரேயொரு சொல்: "பசி". "அங்கிள், இதை அங்கையிருந்து எப்பிடி நீக்குவிக்கிறது?" என்று கேட்டாள்.

அந்த ஆச்சிக்குப் பசியில்லை. கீரையும் முருங்கைக்காயும் விற்றே இரண்டு பெட்டையளைக் கட்டிக்குடுத்தவ. படத்தைப் பார்த்துவிட்டு அவ கேட்டது: "நான் உயிரோடை இருக்கேக்கையே அஞ்சலி அடிச்சுப்போட்டாங்களே?"

இப்படி வந்து நிற்கிற வீட்டுக்காரர் இந்த வருசம் இவள் நாலாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

நிறத்தை உருவிவிட்டால் படத்துக்குத் தானாக ஒரு கௌரவம் வந்துவிடும் என்று கமரா வாங்கிய தம்பிமாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. யாழ்ப்பாணத்தில் வயதுபோன ஒருவருடைய கறுப்பு வெள்ளை முகத்தை நாங்கள் எங்கே பார்த்து வளர்ந்தோம்? மதிலிலும் மின்கம்பத்திலும் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில். செத்தவருடைய அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில். விறாந்தையில் மாலை போட்டுக் கொழுவிய சட்டத்தில். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, சட்டைக் கொலரைத் தீந்தையால் திருத்தி எத்தனை கல்வெட்டுக்குக் கொடுத்திருப்பேன்! உங்களுக்கு அது கலையாகத் தெரியலாம், ஆச்சிக்கு அது செத்தவீட்டு நோட்டீஸ். இரண்டையும் தெரிந்துகொண்டு கமராவைத் தூக்குங்கள்.

தோலைக் கறுப்பாக்குகிற வேலையையும் சொல்லவேண்டும். எங்கள் தோலின் நிறம் பெரும்பாலும் செம்மஞ்சளிலும் சிவப்பிலும்தான் இருக்கிறது. படம் திருத்துகிற செயலியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது அந்த இரண்டு நிறத்தின் அளவையும் கீழே இழுத்து, மேடுபள்ளத்தை எடுப்பாக்குகிற 'கிளாரிட்டி'யை மேலே தள்ளினால் முகம் கரியாகும், சுருக்கம் பள்ளமாகும். பழைய ஓர்த்தோகுரோமற்றிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது; அதில் உதடு கறுக்கும், முகத்து மாசுமறு எல்லாம் எழும்பி நிற்கும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எல்லா நிறமும் தெரிகிற பான்குரோமற்றிக் பிலிம் வந்தது. நீங்கள் அதே குறையை விரலால் திரும்பக் கூட்டிவந்து, அதற்கு 'யதார்த்தம்' என்று பெயரும் வைக்கிறீர்கள். செம்மஞ்சளைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள், ஆச்சி ஆச்சியாகவே தெரிவா.

மற்றது, கமராவின் வெளிச்சமானி எதைப் பார்த்தாலும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் என்று பின்னால் இருந்தால் முகம் இருண்டு விழும். வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டுங்கள். விபூதி வெளிறிப் போகாத அளவுக்கு மட்டும். மத்தியான வெயிலில் முகம் எடுக்கவேண்டாம். கிடுகுக் கொட்டிலின் வாசலோரம் போதும். 24 மில்லிமீற்றர் அகலக்கோண லென்சை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், மூக்கு மட்டும்தான் வரும்.

"கேட்டால் இயல்பு போயிடும் அண்ணை" என்பார்கள். போகட்டும்! கமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, "ஆச்சி, உங்களை ஒரு படம் எடுக்கட்டே?" என்று கேளுங்கள். சம்மதித்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, ஐசிக்கு, அதுதான் அடையாள அட்டைக்கு, எடுக்கிறமாதிரி நிமிர்ந்து இருப்பா. அதையும் எடுங்கள். தன்னை அப்படித்தான் காட்ட விரும்புகிறா. பிறகு கீரை என்ன விலை என்று கதைகுடுங்கள், நாலாவது ஐந்தாவது படத்தில் முகம் இளகிவிடும். "வேண்டாம் மோனை" என்றால் வேண்டாம்தான். இரண்டு பிடி கீரை வாங்கியதால் முகமும் சேர்த்து விலைக்கு வந்துவிடாது.

எங்கள் சனத்துக்குப் படம் என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. பதிவுக்கென்று வரிசையில் நிறுத்தி முகம் எடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இடம்பெயர்வில் அல்பமெல்லாம் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் போராட்டத்தில் இருக்கத் தொடங்கிய தாய்மாரின் கையில் இருந்ததும் பிள்ளைகளின் படம்தான். அந்தப் படத்தை வெட்டிவிட்டு, அழுகிற கண்ணை மட்டும் கறுப்பு வெள்ளையில் போடுகிறவர்களோடு எனக்குக் கதைக்கவே விருப்பமில்லை. அந்த அம்மா உலகத்துக்குக் காட்டவந்தது தன் கண்ணீரை அல்ல.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதியில் நின்று பார்க்கிறேன். அடியழிக்கிற பெண்கள் நிலத்தில் விழுந்து எழும்பும்போது மேலே கமராவோடு குனிந்து நிற்காதீர்கள். நிலத்தில் உருண்டு பிரதட்டை பண்ணுகிறவருக்கு முன்னால் ஓடாதீர்கள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் ஈரத்துணியோடு நிற்கிறவர்களை எடுக்கவே கூடாது, இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனைக் கேட்காமல் தொடாதீர்கள். குடித்துவிட்டு விழுந்துகிடக்கிறவர், ஆசுப்பத்திரி வாசலில் அழுகிறவர், அவர்களைத் தாண்டிப் போங்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அவருக்கு முன்னாலேயே அழியுங்கள். முகநூலில் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள். தலைப்பு வைக்கத்தான் வேண்டும் என்றால் 'பசி', 'வறுமை' என்று ஊகத்தில் வைக்காமல் இடத்தையும் மாதத்தையும் போடுங்கள். முடிந்தால் ஒரு பிரின்ட் கொண்டுபோய்க் கொடுங்கள், தம்பிமாரே. அதைக் கொடுக்க இரண்டாந்தரம் போகிறபோதுதான் உங்களை ஆரென்று பார்ப்பார்கள்.

அந்தப் படத்தை எடுத்த பெடியனைத் தேடிப்பிடித்தேன். கெட்டவன் இல்லை, வெட்கப்பட்டான். படத்தை முகநூலிலிருந்து நீக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆச்சி வீட்டுக்கும் வந்தான். ஆச்சி கதிரையை வேப்பமர நிழலில் போட்டு, மாம்பழ நிறச் சேலையோடு இருந்தா. "கலரிலை எடு. சேலை தெரியவேணும்." எடுத்தான். தேத்தண்ணி குடித்து எழும்பும்போது பின்னால் கூப்பிட்டா.

"தம்பி, கறுப்பு வெள்ளையிலையும் ஒண்டு எடுத்து வை. பேத்தியிட்டைக் குடுத்துவிடு. கல்வெட்டுக்கு உதவும்."