பள்ளியில் பிசியோதெரபி: கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். மூளை முடக்குவாதம். இரண்டு காலும் விறைத்து, முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடப்பான். புதன்கிழமை வந்தால் காலையிலேயே வயிறு வலிக்கிறது என்பான். பள்ளிக்கூடம் என்றால் பயம் போல என்று அவன் அம்மா நினைத்திருந்தார். ஒரு புதன்கிழமை நான் கூடப் போனேன். விளையாட்டுப் பீரியட். மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓட, இவனை மட்டும் வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்து, காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடின பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் அழவில்லை. கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான்கைந்து குடும்பங்களோடு அலுவலகப் படி ஏறி இறங்கிவிட்டேன். எங்கே மடக்குகிறார்கள், எங்கே அலைய விடுகிறார்கள் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

சட்டம் இதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாமே குழந்தையைப் பாகுபாடின்றிச் சேர்த்து, அந்தக் குழந்தைக்குத் தேவையான வசதியையும் தனி உதவியையும் தர வேண்டும் என்கிறது. 31ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பள்ளியில் நடத்துவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவு. உங்களுக்கு அது வட்டார வள மையம், அதாவது பி.ஆர்.சி. சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் அங்கிருந்துதான் வருவார்கள். காசு கிடையாது.

முதல் மடக்கு, சதவீதம். "சர்டிபிகேட்ல 35தான் இருக்கு, 40 இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். ஒரு வருடம் வீணாகப் போனது. உதவித்தொகை, பஸ் பாஸ் போன்றவற்றுக்குச் சதவீதம் கேட்பார்கள், சரி. ஆனால் 16ஆம் பிரிவில் சதவீதமே கிடையாது. குறைபாடுள்ள மாணவர் என்றுதான் இருக்கிறது. குழந்தைக்குப் பயிற்சி தேவை என்று அரசு மருத்துவமனை டாக்டர் எழுதிய சீட்டை வைத்துக் கேளுங்கள். மறுத்தால், "எந்த விதியின்படி என்று எழுதிக் கொடுங்கள் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்படி எழுதிக் கொடுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதற்காக யூ.டி.ஐ.டி. அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையை, தள்ளிப் போட வேண்டாம். பின்னால் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். விண்ணப்பிக்கும் முன் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் இருந்ததற்காக மூன்று முறை அலைந்தவர்கள் உண்டு. சிறு குழந்தைகளுக்குப் பல நேரம் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். அதில் முடிவுத் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கக் கிளம்பிவிடுங்கள். காலாவதியானால் உதவித்தொகையும் நின்றுவிடும்.

இரண்டாவது மடக்குதான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. வீட்டுவழிக் கல்வி. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், கடுமையான குறைபாடு அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிப்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையின் பக்கம் இருக்கிறது. பள்ளிக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் நடப்பது என்ன? ஹெச்.எம். அறையில் உட்கார வைத்து, மென்மையாகப் பேசுவார்கள். "பாத்ரூம் கூட்டிட்டுப் போக ஆள் இல்லம்மா. விழுந்துட்டா யார் பொறுப்பு? வீட்டுக்கே டீச்சர் வருவாங்க, பிசியோவும் வருவாங்க, உங்களுக்கும் ஈஸி." ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் "எனது சொந்த விருப்பத்தின் பேரில்" என்று ஏற்கனவே எழுதியிருக்கும்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கி வந்துவிடுங்கள். படுக்கையை விட்டு நகர முடியாத குழந்தைக்கு வீட்டுவழிப் பயிற்சி பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டாவது நடக்கிற, நாற்காலியில் உட்காருகிற பிள்ளையை வீட்டில் வைத்தால் வகுப்பும் போகும், நண்பர்களும் போவார்கள். வீட்டுக்கு வருவதாகச் சொன்னவரும் வாரம் ஒரு முறை வந்தாலே அதிசயம். மறுபடி பள்ளிக்குள் நுழைய நீங்கள் படும் பாடு தனி.

இதையும் சொல்ல வேண்டும். வருகிற பிசியோதெரபிஸ்டுகள் மேல் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் ஒரு வட்டாரத்துக்கே ஒருவர்தான். தொகுப்பூதியம். இருபது முப்பது கிலோமீட்டர் பைக்கில் அலைகிறவர்கள். உங்கள் சண்டை அவர்களோடு இல்லை.

சில வட்டாரங்களில் அவர் பள்ளிக்கே வருவார். பல இடங்களில் குறிப்பிட்ட கிழமையில் குழந்தையை மையத்துக்குக் கூட்டிவரச் சொல்வார்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். பயணப்படியும் துணையாக வருபவருக்கான படியும் திட்டத்தில் இருக்கிறது. கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள். மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் தனி ஊக்கத்தொகை உண்டு, வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு செயல்பாட்டில் இல்லையென்றால் பணம் திரும்பிப் போய்விடும், யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

வருகைப் பதிவேட்டில் கவனம் வையுங்கள். ஒரு மாதத்துக்கான கையெழுத்தை ஒரே நாளில் வாங்குவது பல இடத்தில் பழக்கம். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் நான்கு தேதிகள், நான்கும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் அந்த அம்மாவின் கையெழுத்து. அந்த நான்கில் மூன்று நாள் பயிற்சியே நடக்கவில்லை. பிறகு அவர் புகார் கொடுக்கப் போனபோது, "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று அதே பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். நடந்த நாளுக்கு மட்டும் போடுங்கள். வீட்டு நாட்காட்டியிலும் ஒரு குறி வையுங்கள்.

உபகரணம் இன்னொரு வேதனை. முகாமில் காலை அளந்துகொண்டு போவார்கள். காலைத் தாங்கும் கேலிப்பரோ, கணுக்காலையும் பாதத்தையும் பிடித்து நிறுத்தும் ஏ.எஃப்.ஓ.வோ வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும். மாட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். கணுக்காலிலோ குதிகாலிலோ சிவப்புத் தடம் இருந்து இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால் அது அந்தக் காலுக்கானது இல்லை. படம் எடுத்து, மறு அளவு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். "போடப் போடப் பழகிடும்" என்பதை நம்பினால் புண்தான் மிச்சம்.

இனி அந்தப் பாய் விஷயம். அதே 16ஆம் பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே பி.டி. பீரியடைப் பிடுங்கிப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வராந்தா வேண்டாம், கதவு மூடும் ஓர் அறை. சாப்பிட்ட உடனே வேண்டாம். எந்த நாள், எந்த நேரம் என்பது பையனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வலித்தால் அவன் கையைத் தூக்குவான், அப்போது நிறுத்த வேண்டும்.

பயிற்சியை வகுப்புக்குள்ளேயே கொஞ்சம் கொண்டுவரவும் முடியும். பெஞ்சில் கால் தொங்கினால் விறைப்பு கூடும், அடியில் பாதம் பதிய ஒரு பலகை போதும். அரை மணிக்கு ஒரு தடவை நோட்டு எடுத்து வர எழுப்பலாம். காலை வழிபாட்டின்போது சுவரில் சாய்ந்து நிற்க வைக்கலாம். இதை பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். எங்கள் பையனின் டீச்சர் அப்படித்தான் செய்தார். இப்போது அவனுடைய குறிக்கோள் "தசை தளர்வு" இல்லை, பாத்ரூம் படி இரண்டையும் தானே ஏறுவது.

வாயால் கேட்டதெல்லாம் காற்றோடு போகும். ஹெச்.எம்.முக்கும் பி.ஆர்.சி.க்கும் ஒரே மனுவை எழுதுங்கள்: "என் மகன் இன்ன வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் மாணவருக்குள்ள எண்) இது. பிசியோதெரபி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே நடக்கும் என்பதை எழுத்தில் தரவும். விளையாட்டு நேரம் நீங்கலாக, தனி அறையில் நடத்தவும். மையத்துக்கு வரும் நாளில் ஆப்சென்ட் போட வேண்டாம்." நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

நகரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி அங்கே குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். யார் அந்த அலுவலர் என்று கேட்டாலே சிலர் இறங்கி வருவார்கள். கடைசியில் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், 30 நாள். என் குழந்தைக்குக் கடந்த ஓராண்டில் பயிற்சி நடந்த தேதிகள், பதிவேட்டு நகல் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அந்த மூன்று நாள் பொய் வெளியே வந்தது அப்படித்தான்.