அலுமினியத்தை உள்ளே எடுத்துப் பூட்டி வைக்கும் நெல்

எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலையைப் பிடுங்கிய ஒரு துண்டில் போஞ்சி போட்டோம். மழை இருந்தது, மாட்டெருவும் போட்டோம், ஆனாலும் கொடி முழங்காலைத் தாண்டவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நூல் நூலாக ஓட வேண்டிய வேர் கட்டையாக, நுனி தடித்துப் பழுப்பேறி இருந்தது. மடக்கினால் பட்டென்று ஒடிந்தது. பூச்சி இல்லை, அழுகல் இல்லை. வேலையைக் காட்டியது மண்ணிலுள்ள அலுமினியம்.

சட்டி செய்கிற அதே அலுமினியம்தான். பூமியின் மேலோட்டில் எடைக்கு ஏறக்குறைய 8 சதவீதம் அது. களிமண்ணோடு இறுகிக் கிடக்கும்வரை தொல்லை இல்லை. ஆனால் நம்முடைய மலைச்சரிவுகளில் மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் வருடக்கணக்காக அரித்துக்கொண்டு போக, அமோனியா உரமும் மேலே சேர, மண்ணின் பி.எச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5க்குக் கீழே இறங்கிவிட்டால் அலுமினியம் கரைந்து மண்நீரில் வந்துவிடும். வந்ததும் வேரின் கலச்சுவரில் ஒட்டிக்கொண்டு அதை விறைக்க வைக்கும். வேர் நீளுவதே நுனியில் சில மில்லிமீற்றர் இடத்தில்தான், அங்கே சுவர் விறைத்தால் அப்புறம் என்ன செய்வது? சில மணி நேரத்திலேயே வளர்ச்சி தடைப்படும்.

தானியப் பயிர்களில் இதை நன்றாகத் தாங்குவது நெல். கோதுமையில் தாங்கும் வகைகள் வேர்நுனியிலிருந்து மாலிக் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தை வெளியிலேயே கட்டிப்போடும். நெல்லும் சித்திரிக் அமிலத்தைக் கசியவிடும், கலச்சுவரையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். ஆனால் எனக்குப் பெரிய வியப்பு அதன் அடுத்த வேலைதான்: நஞ்சைத் தானே உள்ளே எடுக்கிறது! கலத்தின் மென்சவ்வில் என்ராட் 1 என்ற ஒரு புரதம் இருக்கிறது, 2010இல் கண்டறிந்தார்கள். சுவரில் ஒட்டப்போகும் அலுமினியத்தைப் பிடித்து அது உள்ளே கடத்தும். உள்ளே சும்மா விட்டால் கலம் செத்துப்போகும் இல்லையா, அதனால் ஏ.எல்.எஸ் 1 என்ற இன்னொரு புரதம் அதை உடனே புன்வெற்றிடத்துக்குள் தள்ளிவிடுகிறது. நடுவில் பை மாதிரி இருக்கும் அந்த அறைக்குள் போய்விட்டால் கலத்தின் மற்ற வேலைகளை அது தொடாது. முதல் புரதம் மட்டும் இருந்து இரண்டாவது இல்லாத செடி, நஞ்சை வீட்டுக்குள் அழைத்துவிட்டு அறையில்லாமல் நிற்கிற மாதிரி. அது வதங்கித்தான் போகும். இந்த இரண்டையும் சேர்த்து 30க்கு மேற்பட்ட பரம்பரையலகுகளை இயக்குவது ஏ.ஆர்.டி 1 என்ற ஒரே புரதம், அதை 2009இல் யப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

சரி, பள்ளத்து வயல்களில் நெல்லுக்கு இந்தத் திறமை பெரிதாகத் தேவைப்படாது. தண்ணீர் கட்டினால் மண்ணில் ஒட்சிசன் குறைந்து, சில வாரங்களில் பி.எச் 7ஐ நோக்கி ஏறும், அலுமினியமும் திரும்பப் படிந்துவிடும். தண்ணீர் நிற்காத மேட்டுநிலத்தில் நெல் போடுகிறவர்களுக்குத்தான் இது உயிர்நாடி.

எங்கள் துண்டில் தேயிலை இத்தனை வருடம் செழித்ததும் இப்படி உள்ளே எடுத்து வைப்பதால்தான். அது அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கிற செடி. கொழுந்தில் அவ்வளவு இருக்காது. பாவம் போஞ்சிக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. அதனால் மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூளை மண்ணோடு கலந்து கொத்திவிட்டு, சில வாரம் பொறுத்து மறுபடி விதைத்தோம். இந்த முறை பிடுங்கிய செடியில் வெள்ளை நூல் வேர்கள் மண்ணைக் கட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தன.