வெனிஸ்: கூட்டம் ஒரே பாதையில்தான் நடக்கிறது

"வெனிஸில் கால் வைக்க இடமில்லை" என்று அலுத்துக்கொண்டு திரும்புபவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். தீவுக்கு வெளியே நிலப்பகுதியிலுள்ள மெஸ்ட்ரேவில் தங்கல், காலை பத்து மணிக்கு ரயிலில் வந்து இறங்கல், மஞ்சள் அம்புக்குறி காட்டும் வழியே ரியால்தோ பாலம், சான் மார்கோ சதுக்கம், மாலையில் திரும்பு ரயில். பகல் பயணிகள் பெரும்பாலோரின் திட்டம் இதுதான். அந்த வழியை விட்டு நாலைந்து சந்து தள்ளிப் போனால் கொடியில் காயும் துணியும் நாயோடு நடக்கும் பெரியவர்களும்தான் கண்ணில் படுவார்கள்.

அதனால் செலவு கூடினாலும் தீவுக்குள்ளேயே இரண்டு இரவாவது தங்குங்கள். சான் மார்கோவைக் காலை எட்டு மணிக்கு முன்னாலோ இரவு உணவுக்குப் பிறகோ பார்த்துக்கொள்ளலாம். கஸ்தெல்லோ பேட்டையின் கிழக்கே வியா கரிபால்டி சுற்றுவட்டாரம், கன்னரேஜோ பேட்டையில் ஒர்மெசினி கரை, சான் ஜாகொமோ தல் ஓரியோ சதுக்கம் மூன்றும் தங்க நல்ல இடங்கள். அறை பதியும் முன் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று: படகுத் துறையிலிருந்து வாசல் வரை எத்தனை பாலம்? ஊரில் நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. இருபது கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பாலம் ஏறி இறங்கினால் அன்றைய நாள் முடிந்தது.

முகவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. கதவு எண் தெருவுக்கு இல்லை, பேட்டைக்கு. "கஸ்தெல்லோ" என்று எழுதி நாலு இலக்க எண் மட்டும் தந்தால் உள்ளூர்க்காரரே திணறுவார். ஒரே தெருப்பெயர் பல பேட்டைகளில் வரும். தெருப்பெயரையும் அருகிலுள்ள சதுக்கத்தின் பெயரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் காலை 8.30 முதல் மாலை 4 வரை பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டாம். ஆனால் விலக்குக் குறியீட்டை முன்பே இணையத்தில் பதிந்து எடுக்க வேண்டும். விடுதியில் கட்டும் சுற்றுலா வரி ரசீது போதும் என்று நினைத்துப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நீர்ப்பேருந்தான வபொரெட்டோவில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25. மூன்று முறை ஏறினாலே நாள் சீட்டு லாபம். எந்தச் சீட்டானாலும் ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் துறையிலுள்ள கருவியில் தொட்டாக வேண்டும். கையில் சீட்டு இருந்தும் அபராதம் கட்டுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 4.1, 4.2 என்ற எண்கள் ஒரே தடத்தின் எதிரெதிர்த் திசைகள். முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள். பெருங்கால்வாயைக் கடக்க மட்டும் என்றால் சாந்தா சோஃபியாவிலிருந்து ரியால்தோ சந்தைக்கு 'த்ரகெத்தோ' போகிறது. வெனிஸின் துடுப்புப் படகான கொண்டோலாவேதான், அலங்காரம் மட்டும் இருக்காது. கட்டணம் இரண்டு யூரோ, சில்லறையாகக் கொடுங்கள்.

ரியால்தோ மீன் சந்தைக்கு நண்பகலுக்கு முன்னால் போக வேண்டும். ஞாயிறும் திங்களும் கிடையாது. சாப்பிட 'பாக்கரோ' எனும் சிறு கடைகள். நின்றபடியே ஒரு 'ஓம்ப்ரா', அதாவது சின்னக் கோப்பை ஒயின். கூடவே 'சிக்கெத்தி' எனும் சிறு தின்பண்டங்கள். சைவர்கள் இங்கே ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. ரொட்டிமேல் வெண்ணெய் போல வெள்ளையாகத் தடவியிருப்பது பெரும்பாலும் 'பக்கலா', உலர்ந்த காட் மீனை எண்ணெய் விட்டுக் கடைந்தது. வெங்காயமும் உலர்திராட்சையுமாகத் தெரிவதன் அடியில் மத்தி இருக்கும். "செந்த்சா கார்னே, செந்த்சா பெஷே" என்று கேட்டுவிட்டு எடுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். காபியை முகப்பில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. சான் மார்கோவில் வாத்தியம் வாசித்தால் அதற்கும் தனிக் கட்டணம்.

இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் ஓதப்பெருக்கு வரும், அதாவது கடல்மட்டம் உயர்ந்து ஊருக்குள் தண்ணீர் ஏறும். கடல்நீரைத் தடுக்க 2020 முதல் இயங்கும் மோசே தடுப்பணைகளைப் பொதுவாக ஓத உயரம் 110 செ.மீ. என முன்கணிக்கப்படும்போதுதான் எழுப்புகிறார்கள். ஊரிலேயே தாழ்வான சான் மார்கோவிலோ 80 செ.மீ. தாண்டியதும் தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும். தடுப்பணை இருக்கிறதே என்று துணிக்காலணியோடு போனால் நனைந்து வருவீர்கள். நகராட்சியின் ஓத முன்னறிவிப்பை முந்தின இரவே பாருங்கள். உச்சம் தாண்டியபின் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.