முதுகெலும்பை அளக்கும் கடிகாரம்

ஒன்றரை நாள் அடைகாத்த கோழிமுட்டையின் ஓட்டைச் சன்னல்போல வெட்டி, நுண்ணோக்கி வழியாகப் பாருங்கள். கருவின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் மணி கோத்தாற்போல ஏறத்தாழ பத்து ஜோடி சிறு கட்டிகள் தெரியும். சோமைட் என்று பெயர். முள்ளெலும்பு, விலா, முதுகுத்தசை எல்லாம் இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன. பொறுமையாக 90 நிமிடம் காத்திருந்தால் வால்பக்கம் இன்னொரு ஜோடி பிரியும். வரிக்குதிரை மீனில் இந்த இடைவெளி 30 நிமிடம், சுண்டெலியில் 2 மணி நேரம், மனிதக் கருவில் சுமார் 5 மணி நேரம்.

செல்லுக்குள் ஏதோ ஒரு கடிகாரம் இருந்தாக வேண்டும் என்று உயிரியலாளர் குக்கும் கணிதவியலாளர் ஜீமனும் 1976-லேயே தாளில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். 1997-ல் ஒலிவியே பூர்க்கியேயின் குழு கோழிக்கருவில் அதைக் கண்ணால் கண்டது: ஒரு மரபணு 90 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அடங்கிக்கொண்டிருந்தது.

சுண்டெலியில் அந்த வேலையைச் செய்வது ஹெஸ்7 என்ற மரபணு. அதன் புரதம் உட்கருவுக்குத் திரும்பி வந்து, தன்னைப் பெற்ற மரபணுவையே அணைக்கிறது. புதுப் புரதம் வராது. இருப்பதும் சீக்கிரம் சிதைந்துபோகும். தடை நீங்கி மரபணு மறுபடி விழிக்கும். இதில் எனக்குத் தீராத வியப்பு தாமதத்தின் மேல்தான். படியெடுத்து, நடுவிலுள்ள, புரதத்துக்குத் தேவைப்படாத இன்ட்ரான் துண்டுகளை வெட்டி நீக்கி மிச்சத்தை ஒட்டி, வெளியே அனுப்பிப் புரதமாக்க நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் இல்லாவிட்டால் அளவு ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் நின்றுவிடும். ஜப்பானில் ககேயாமாவின் குழு ஹெஸ்7-இன் இன்ட்ரான்கள் எல்லாவற்றையும் நீக்கிப் பார்த்தது. தாளம் நின்றது, முள்ளெலும்புகளும் விலாக்களும் ஒட்டிக் குழம்பின. இரண்டை மட்டும் நீக்கியபோது தாளம் விரைந்தது. கழுத்திலும் மேல்மார்பிலும் முள்ளெலும்புகள் கூடின!

அடுத்த சோமைட்டை எங்கே பிரிப்பது என்பதை வாலிலிருந்து பரவும் வேதிச்சமிக்ஞை முடிவு செய்கிறது. அது மெலியும் இடத்தில் செல்களின் தாளம் உறைந்து எல்லை விழும். பாம்புக்கருவில் வளர்ச்சியோடு ஒப்பிட்டால் கடிகாரம் மிக வேகம். சில பாம்புகளில் முந்நூறுக்கு மேல் முள்ளெலும்புகள் வருவது அதனால்தான்.

அப்படியானால் மனிதக் கருவின் நிதானம் மரபணுவின் எழுத்துகளில் இருக்கிறதா? 2020-ல் மனிதரின் ஹெஸ்7 மரபணுவைச் சுண்டெலிச் செல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அது மனித வேகத்தில் ஓடவில்லை. சுண்டெலியின் வேகத்துக்கே ஓடியது. படியெடுப்பதும் புரதம் சிதைவதும் மனிதச் செல்லில் மெதுவாக நடக்கின்றன; 5 மணி நேரம் அங்கிருந்துதான் வருகிறது.