ரோமனெஸ்கோவின் சுழலும் சென்னையின் இரவும்

வெளிர்பச்சைக் கூம்புகள், ஒவ்வொரு கூம்பின் மேலும் அதே வடிவத்தில் குட்டிக் கூம்புகள். காலிஃபிளவர் வகைக் காய்கறியான ரோமனெஸ்கோவின் விதைப் பாக்கெட் மேல் இருக்கும் படம் இதுதான். அதை நம்பி மொட்டை மாடியில் விதைத்தால், மூன்று மாதம் கழித்துப் பெரும்பாலும் கிடைப்பது அகல அகலமான இலைகள். அப்போது மண்ணையும் உரத்தையும் குறை சொல்வது வழக்கம். உண்மையில் தடையாக இருப்பது நம் ஊர் இரவு. அது ஏன் என்று புரிய, அந்தப் பூ எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இது காலிஃபிளவரையும் புரோக்கோலியையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய புதுக் கலப்பினம் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. முட்டைக்கோஸ், நூக்கல், காலிஃபிளவர் எல்லாமே பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம். அதில் காலிஃபிளவர் பக்கம் நிற்பது ரோமனெஸ்கோ. ரோம் நகரைச் சுற்றியுள்ள லாசியோ வட்டாரத்தில் வெகுகாலமாகப் பயிராகிறது.

எந்தச் செடியிலும் தண்டின் நுனியில் ஆக்குத்திசு என்ற மிகச் சிறிய பகுதி இருக்கும். இலையோ பூவோ, அங்கிருந்துதான் ஒவ்வொன்றாக முளைக்கும். அடுத்தடுத்த இரண்டு முளைகளுக்கு நடுவே சுமார் 137.5 பாகைத் திருப்பம். முந்தைய முளைகளிலிருந்து விலகி, இடம் இருக்கும் பக்கத்தில் அடுத்தது கிளம்புவதால் வரும் கோணம் இது. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் வலமும் இடமும் சுழல்கள் தெரியும். ரோமனெஸ்கோவில் பெரும்பாலும் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 சுழல் இருக்கும். கையில் ரோமனெஸ்கோ இல்லையென்றால் ஒரு அன்னாசிப் பழத்தை எடுத்து எண்ணுங்கள். அதன் கண்களும் இதே 8, 13 கணக்குதான். ஆக, சுழல் அபூர்வமில்லை. கூம்புக்குள் கூம்பு வருவதுதான் அபூர்வம்.

சாதாரணச் செடியில் பூக்கும் காலம் வந்ததும், பக்கவாட்டு முளையில் சில மரபணுக்கள் விழித்து 'நீ பூ' என்று உறுதி செய்துவிடும். காலிஃபிளவர் குடும்பத்தில் அந்த உறுதி செய்யும் மரபணுக்கள் பழுதானவை. முளை பூவாகத் தொடங்கும், முடிக்க முடியாமல் மறுபடி தண்டாக மாறும், தன் பக்கத்தில் புது முளைகளை விடும். அவையும் அதே பாட்டையே பாடும். ஆனால் பூவாக முயன்ற சுவடு மட்டும் அழிவதில்லை. அதனால் இந்தத் தண்டுகள் நீள்வதுமில்லை, இலை விடுவதுமில்லை. முளை மேல் முளையாகக் குவியும் அந்தத் திரளைத்தான் நாம் காலிஃபிளவர் என்று சமைக்கிறோம். பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா பார்சி, கிறிஸ்டோஃப் கொதான் ஆகியோரின் குழு 2021 ஜூலையில் சயின்ஸ் இதழில் இதை விளக்கியது. வெள்ளைக் காலிஃபிளவரில் முளைகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வருவதால் உருண்டை கிடைக்கிறது. ரோமனெஸ்கோவில் வேகம் ஏறிக்கொண்டே போவதால் கூம்பு கிடைக்கிறது. கடுகுக் குடும்பத்துச் செடியான அராபிடாப்சிஸில், காலிஃபிளவர் போன்ற திரளைத் தரும் மரபணுக் குறைகளோடு ஆக்குத்திசுவைப் பெரிதாக்கும் ஒரு மாற்றத்தையும் சேர்த்து, இதே போன்ற கூம்புகளை அவர்கள் வரவழைத்துக் காட்டினார்கள்.

இந்த விளையாட்டு தொடங்க ஒரு சமிக்ஞை வேண்டும். அதுதான் குளிர். செடி முதலில் போதுமான இலைகளோடு வளர்ந்திருக்க வேண்டும், அதன்பின் சில வாரங்கள் குளிரை உணர வேண்டும். குளிர்ப்பகுதி ரகங்களுக்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வாகானது. 25-ஐத் தாண்டினால் செடி இலையையே விட்டுக்கொண்டிருக்கும். சென்னையில் ஜனவரியின் சராசரிக் குறைந்தபட்சமே சுமார் 21 டிகிரி, பகலில் 29-ஐ ஒட்டி இருக்கும். நிழல்வலை பகல் சூட்டைத்தான் குறைக்கும். இரவில் காங்கிரீட் தளம் கக்கும் வெப்பத்துக்கு அது மருந்தல்ல. தொட்டியை இரவு மட்டும் ஏசி அறையில் வைத்தாலும் பகல் சூடு கணக்கைக் கெடுக்கும். கரண்ட் பில்லைப் பார்த்தால் அதைவிட ஊட்டிக்குப் போய் வருவது மலிவு.

அப்படியும் முயன்று பார்க்க நினைத்தால், ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்கள் செடியின் சரியான வயதில் வந்து விழும்படி விதைக்க வேண்டும். செப்டம்பர் கடைசி வாரம் குழித்தட்டில் விதைப்பு, அக்டோபர் இறுதியில் நடவு. அப்போது டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் செடி பக்குவமாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை நடுவில் வரும் என்பதால் குழித்தட்டு கூரைக்குக் கீழே இருக்கட்டும். நாற்றழுகலைத் தடுக்கக் காலையில் மட்டும் நீர் விடுங்கள். நாற்று 25 முதல் 30 நாளுக்குள் மாறிவிட வேண்டும். குழிக்குள் வேர் சுருண்டு முதிர்ந்த நாற்று, பின்னால் பொத்தான் அளவுப் பூ விட்டு நின்றுவிடும்.

15 அங்குல குரோ பேக்குக்கு ஒரு செடி போதும். செம்மண், கழுவிய கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மண்புழு உரம் சம அளவு, கூடவே 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட்டைக் கழுவாமல் போட்டால் அதன் உப்பு வேரைத் தாக்கும். கடலோரப் பகுதி போர்வெல் தண்ணீரும் அப்படித்தான், மழைநீர் இருந்தால் நல்லது. பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், காலை வெயில் விழும் கிழக்குப் பக்கம் சிறந்தது. தண்டின் உள்ளே பொந்து விழுந்து பூ பழுப்பானால் போரான் குறைவு. லிட்டருக்கு 1 கிராம் போராக்ஸ் கரைத்து ஒருமுறை இலையில் தெளிக்கலாம். கைநிறைய அள்ளிப் போட்டால் அதுவே நஞ்சாகும்.

இலையில் சன்னல் சன்னலாகச் சுரண்டல் தெரிந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. தொட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் கடுகு விதைத்தால் பூச்சி அங்கே போகும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். இலை விளிம்பிலிருந்து ஆங்கில வி எழுத்துப்போல மஞ்சள் பரவினால் கருப்பழுகல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி எறிவதே வழி.

கூம்பு கட்டத் தொடங்கிய பிறகு சூடு ஏறினால் பூவின் இடையிடையே பச்சை இலைகள் நீட்டும். பூவாக முயன்ற சுவடு மங்கி, முளைகள் பழையபடி இலை விடும் பாதைக்குத் திரும்புவதன் அடையாளம் அது. தின்னத் தடையில்லை, படத்துக்குத்தான் உதவாது.

மாடியில் பூவே வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை பூசா மேகாலி, பூசா தீபாலி போன்ற முன்பருவக் காலிஃபிளவர்கள். வெப்பப் பகுதிக்குப் பழகிய இவை 20 முதல் 27 டிகிரியிலேயே பூக்கட்டும். உள்ளே நடப்பது அதே அரைகுறைப் பூ விளையாட்டுதான். பூ எலுமிச்சை அளவு வந்ததும் மேலிலைகளை மடித்து மூட வேண்டும், இல்லையேல் வெயிலில் மஞ்சளாகும். ரோமனெஸ்கோவை இப்படி மூட வேண்டாம், அதன் பச்சையே பச்சையம்.

கடையில் ரோமனெஸ்கோ கிடைத்தால் புளிக்குழம்பில் போடாதீர்கள். புளியும் நீண்ட கொதியும் பச்சையத்தைச் சேற்றுப் பச்சையாக்கிவிடும். மஞ்சளும் உப்பும் போட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்துப் புழுவைப் போக்கி, கூம்பு கூம்பாகப் பிரித்து 4 அல்லது 5 நிமிடம் ஆவியில் வேகவைத்தால் போதும். அதிகம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும். சல்ஃபோரஃபேன் என்ற சேர்மத்தை உண்டாக்கும் நொதி வெப்பத்தில் அழிந்துவிடும். அதே நொதி பச்சைக் கடுகிலும் உண்டு. தாளித்த கடுகில் அது மிஞ்சாது, இறக்கிய பின் தூவும் கால் டீஸ்பூன் கடுகுப் பொடியில் இருக்கும்.

பூ கட்டாத செடியையும் வீணாக்க வேண்டாம். இளம் இலைகளை நடு நரம்பு நீக்கி, பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்து முட்டைக்கோஸ் பொரியல் போலவே செய்யலாம். நரம்பையும் தோல் சீவிய தண்டையும் நூக்கல் மாதிரி கூட்டில் போடுங்கள், வேக மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாகும்.