மறுநுழைவு எதற்குள்?

'கைதிகள் மறுநுழைவுத் திட்டத்துக்கு அமெரிக்க அரசு நிதி' என்று ஒரு தலைப்பு. படித்துவிட்டுத் தம்பி கேட்டான்: "வெளியே வந்தவனை மறுபடி உள்ளே போடவா காசு குடுக்கறாங்க?"

அவன் மேல் தப்பில்லை. மறுதேர்வு என்றால் மறுபடியும் தேர்வு. கைதியின் மறுநுழைவு என்றால் அவன் மறுபடியும் நுழைவது சிறைக்குள்தானே? 'ரீஎன்ட்ரி' என்றதும் 'சமூகத்துக்குள்' என்று ஆங்கிலக்காரர் தாமாகவே சேர்த்துக்கொள்வார், பழக்கம். தமிழில் அதை விழுங்கினால் பொருள் தலைகீழ். விண்கலம் மறுநுழைவு செய்யட்டும், மனிதருக்கு 'சிறைமீள்வோர் திட்டம்' போதும்.

அடுத்தது 'ஹாஃப்வே ஹவுஸ்'. இரண்டு ஊர்களுக்கு நடுவே வழிப்போக்கர் தங்கிய சத்திரத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு சிறைக்கும் வெளியுலகுக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சிக் கைதிகளை, அதாவது மத்திய அரசின் சிறைகளில் இருப்பவர்களை, இப்படித் தங்கவைக்க வழி செய்தது. இப்போதைய அலுவல் பெயர் 'ரெசிடென்ஷியல் ரீஎன்ட்ரி சென்டர்'. தண்டனையின் கடைசிப் பகுதியை, பொதுவாக 12 மாதம் வரை, அங்கே கழிக்கலாம்.

இதைப் 'பாதிவழி வீடு' என்கிறார்கள். தமிழில் பாதிவழி என்றாலே கைவிடுவதுதான். படிப்பைப் பாதிவழியில் விடுவார்கள், கூட வந்தவனையும் பாதிவழியில் விடுவார்கள். வீடு என்பது அதைவிடத் தப்பு. அங்கே இருப்பவர் சட்டப்படி இன்னும் சிறைத்துறையின் காவலில்தான் இருக்கிறார். வேலைக்குப் போகலாம்; ஆனால் போகும்போதும் வரும்போதும் பதிவு உண்டு, போதைப்பொருள் சோதனை உண்டு. அனுமதியில்லாமல் கிளம்பிப் போனால் தப்பியோடியதாக வழக்கே வரலாம். தன் வீட்டை விட்டு வெளியே போனதற்கு யார் மீதாவது வழக்குப் போடுவார்களா?

'மறுவாழ்வு இல்லம்' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் குடிநோயாளிகளுக்கான இடம் என்றே பலரும் நினைப்பார்கள், காவல் என்பதும் காணாமல் போய்விடும். என் ஓட்டு 'இடைத்தங்கல் விடுதி'க்கு. 'இடைத்தங்கல் முகாம்' ஈழத்தமிழில் ஏற்கெனவே புழங்குவதுதான், நான் புதிதாக எதையும் அடித்து உருவாக்கவில்லை. விடுதி என்றால் வருகைப் பதிவேடும் காப்பாளரும் ஞாபகம் வருவார்கள். இங்கே அதுதான் வேண்டும்.

அப்புறம், அதே செய்தியின் கடைசிப் பத்தியில் 'விடுதிகள் மீதான அரசின் கவனக்குறைவு' என்று வேறு இருந்தது. மூலத்தில் 'ஓவர்சைட்'. அந்தச் சொல்லுக்கு மேற்பார்வை, கவனப்பிசகு என்று இரண்டு பொருளும் உண்டு. விடுதிகளில் பெரும்பாலானவற்றை ஒப்பந்தக்காரர்கள் நடத்துகிறார்கள்; அந்த ஒப்பந்தங்களை அமெரிக்க நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தணிக்கை செய்கிறது. மூலம் சொன்னது அந்தத் தணிக்கையை. மொழிபெயர்த்தவர் அகராதியில் அடுத்த வரியை எடுத்து, தணிக்கை செய்தவரையே குற்றவாளி ஆக்கிவிட்டார். 'கண்காணிப்பு' என்று போட்டிருந்தாலும் பாதிக் குழப்பம் மிஞ்சியிருக்கும். விடுதி ஊழியர் கைதியைப் பார்ப்பது கண்காணிப்பு, அரசு விடுதி நடத்துபவரைப் பார்ப்பது மேற்பார்வை.